டாக்டரம்மாவைக் கேளுங்கள்: பால் டீயும் பக்கவாதமும்

போன இதழில் இரத்த அழுத்தத்தைப் பற்றி எழுதும்போது, டீ, காப்பி குடிப்பவர்களுக்குப் பக்கவாதம் கொஞ்சம் குறைவாக வருவதாகப் பெரிய ஆய்வுகள் சொல்கின்றன என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. நல்லதுதான். நம் பர்மாவில் டீக்கடைக்குப் போகாத வீடு எது? அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 58. ஒரு நாளைக்கு ஆறு ச்சோசெயிங் (கடையில் போடும் இனிப்புப் பால் டீ) குடிக்கிறார். நீங்கள் எழுதியதை வெட்டி எடுத்துவைத்துக்கொண்டு, 'பார், டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க' என்கிறார். பிரஷர் மாத்திரையை நாள் விட்டு நாள்தான் போடுகிறார். கடைசியாகப் பார்த்தபோது 160க்கு 95. நான் அவருக்கு என்ன சொல்லட்டும்? – வாசகி, மோல்மீன்

அம்மா, முதலில் மாத்திரை. டாக்டர் காலையில் போடச் சொல்லியிருந்தால், தண்ணீரோடு அதை விழுங்கிய பிறகுதான் முதல் டீ என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பக்கவாதத்துக்கு எத்தனையோ காரணம் உண்டு, சர்க்கரை நோய், புகை, கொழுப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என்று அடுக்கலாம், ஆனால் உலகம் முழுவதும் எடுத்துப் பார்த்தால் முதல் இடத்தில் நிற்பது உயர் இரத்த அழுத்தம்தான். தேயிலையால் அழுத்தம் இறங்குகிறது என்று காட்டிய ஆய்வுகளிலும் இறங்கியது ஓரிரு புள்ளிதான். 160ல் இருப்பவரை 130க்குக் கொண்டுவர அது போதாது. மாத்திரை வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும். அதிலும் மாத்திரையை நாள் விட்டு நாள் போடுவது மோசமான பழக்கம், அழுத்தம் ஏறி ஏறி இறங்கும், இரத்தக்குழாய்க்கு அது ஆகாது.

இப்போது டீக்கு வருவோம். அவர் வெட்டி வைத்திருக்கும் வரிக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகளில் ஒன்று ஜப்பானில் நடந்தது. 45 வயதிலிருந்து 74 வயது வரை 82,369 பேரைச் சராசரியாக 13 ஆண்டு பின்தொடர்ந்து பார்த்து, 2013ல் வெளியிட்டார்கள். பச்சைத் தேயிலைத் தண்ணீரை நாளுக்கு நாலு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு, அதை அபூர்வமாகக் குடித்தவர்களைவிட பக்கவாதம் 20 சதவீதம் குறைவு. தினம் ஒரு கோப்பை காப்பியாவது குடித்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைவு. சரி, அந்த ஜப்பான்காரர் குடித்தது என்ன? பச்சைத் தேயிலை, சுடுதண்ணீர், அவ்வளவுதான். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரர் குடிப்பது என்ன என்று ஒரு நாள் கடைக்குக் கூடவே போய் நின்று பாருங்கள். விடிகாலையிலிருந்து அடுப்பில் கிடந்து கறுத்துப்போன டிக்காஷன். கோப்பையின் அடியில் முதலில் கண்டென்ஸ்டு மில்க்கை விரல் கனத்துக்கு ஊற்றுகிறார்கள், அதன் மேல் டிக்காஷன், அதற்கு மேல் டின் பால், பிறகு இரண்டு ஆற்று ஆற்றி மேசைக்கு வருகிறது. கலக்காமல் குடித்துப் பார்த்தால் கடைசி வாய் பாயசம் மாதிரி இருக்கும். கண்டென்ஸ்டு மில்க்கில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் கோப்பைக்குப் பத்து கிராம் சர்க்கரை வந்துவிடும், ஆறு கோப்பைக்கு அறுபது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் மேல் எல்லை நாளுக்கு 50 கிராம், முடிந்தால் 25க்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. அவர் சோறு சாப்பிட உட்காரும் முன்பே எல்லையைத் தாண்டிவிடுகிறார். ச்சோசெயிங் என்ற பெயரே இனிப்பும் பாலும் தூக்கல் என்றுதானே சொல்கிறது!

இன்னொன்றையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். 27 நாடுகளில் ஏறக்குறைய 27,000 பேரை வைத்து, பக்கவாதம் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வின் டீ, காப்பி முடிவுகள் 2024ல் வந்தன. நாளுக்கு மூன்று நாலு கோப்பை கறுப்பு டீ குடித்தவர்களிடம் பக்கவாதம் 29 சதவீதம் குறைவு, பச்சை டீ என்றால் 27 சதவீதம் குறைவு. ஆனால் பால் சேர்த்துக் குடித்தவர்களிடம் அந்த நன்மை காணாமல் போகிறது. அதோடு, சீனாவிலும் தென் அமெரிக்காவிலும் டீ குடிப்பவர்களுக்குப் பக்கவாதம் குறைவாக இருந்தபோது, தெற்காசியாவில் மட்டும் டீ குடிப்பவர்களுக்குப் பக்கவாதம் கூடுதலாக இருந்தது. தெற்காசியா என்றால் நம் பாட்டன் பூட்டன் வந்த ஊர்கள், டீ என்றால் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சியது என்று நினைக்கும் ஊர்கள். இதைப் படித்ததும் எனக்கு நம் கடை மேசைதான் கண் முன்னால் வந்தது.

பாலைப் பற்றி ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2007ல் பெர்லினில் பதினாறு பெண்களுக்கு டீ கொடுத்துக் கையின் இரத்தக்குழாய் எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்கள். வெறும் டீ குடித்தபோது நன்றாக விரிந்தது, பால் கலந்ததும் அந்த விரிவு போய்விட்டது, பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம் தேயிலைச் சத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றார்கள். ஆனால் பிரிட்டனில் 3,65,682 பேரை வைத்துப் பார்த்து 2021ல் வந்த ஆய்வில், நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை டீயும் இரண்டு மூன்று கோப்பை காப்பியும் குடித்தவர்களுக்கு, இரண்டையும் தொடாதவர்களைவிட பக்கவாதம் 32 சதவீதம் குறைவாக இருந்தது. பிரிட்டன்காரர் பெரும்பாலும் பால் விட்டுத்தான் டீ குடிப்பார்கள். அதனால் இரண்டு கரண்டிப் பால் பெரிய குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். என் பயம் அந்த விரல் கனத்துக் கண்டென்ஸ்டு மில்க்தான்.

அவரிடம் ஆறையும் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள், நடக்காது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அதுவும் இனிப்புக் குறைத்து. மிச்ச நேரத்துக்கு மேசை நடுவில் இருக்கவே இருக்கிறது யேநுவேஜான். காசு கேட்காமல் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதால் நாம் அதை டீ என்றே எண்ணுவதில்லை, கோப்பையைக் கழுவி ஊற்றத்தான் பயன்படுத்துகிறோம். ஷான் மலைத் தேயிலையைப் போட்டு, பால் சர்க்கரை எதுவும் இல்லாமல் வைத்த சுடுதண்ணீர் அது. ஜப்பான் ஆய்வில் குடித்ததற்கு நம் ஊரில் கிடைப்பவற்றில் மிக நெருக்கமானது அந்தக் கெட்டில்தான் அம்மா.

கேள்வி: காப்பியா, டீயா, எது நல்லது? எத்தனை கோப்பை? நான் வேலை இடத்தில் காபி மிக்ஸ் பாக்கெட்தான் குடிக்கிறேன், நாளுக்கு நாலு. – வாசகர், தட்டோன்

பாக்கெட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள் தம்பி. உள்ளே இருக்கும் பொருள்களை அளவில் அதிகமானது முதலில் வருமாறு எழுதுவது வழக்கம். பெரும்பாலான பாக்கெட்டில் முதலில் சர்க்கரை அல்லது கிரீமர், காப்பித்தூள் அதற்கும் பின்னால்தான். கிரீமர் என்பது பால் இல்லை, பெரும்பாலும் பாமாயில் வகைக் கொழுப்பும் குளுக்கோஸ் பாகும் சேர்ந்த பொடி. நாலு பாக்கெட் குடித்தால் காப்பி குடித்தேன் என்று சொல்ல முடியாது, சர்க்கரைத் தண்ணீரில் காப்பி வாசம் பிடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

உண்மையான காப்பி வேறு. மேமியோவிலிருந்து நல்ல கொட்டை வருகிறது, அரைத்து வாங்கி வடிகட்டிக் குடியுங்கள். உலோக பில்டரில் போடுவதைவிடக் காகிதத்தில் வடிகட்டினால் இன்னும் நல்லது, காப்பியில் கெட்ட கொழுப்பை ஏற்றும் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் காகிதத்தில் நின்றுவிடும். அளவு இரண்டு மூன்று கோப்பையோடு நிற்கட்டும். மேலே சொன்ன இன்டர்ஸ்ட்ரோக் ஆய்விலேயே நாளுக்கு நாலு கோப்பைக்கு மேல் காப்பி குடித்தவர்களிடம் பக்கவாதம் 37 சதவீதம் கூடுதலாக இருந்தது.

பிரஷர் மிக அதிகமாக உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜப்பானில் 18,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்து 2022 டிசம்பரில் வந்த ஆய்வில், அழுத்தம் 160க்கு 100ஓ அதற்கு மேலோ இருந்தவர்கள் நாளுக்கு இரண்டு கோப்பையோ அதிகமோ காப்பி குடித்தால், இதயநோயாலும் பக்கவாதத்தாலும் சாகும் ஆபத்து காப்பியே குடிக்காதவர்களைவிட இரண்டு மடங்காக இருந்தது. ஒரு கோப்பை காப்பி குடித்தவர்களுக்கும் பச்சை டீ குடித்தவர்களுக்கும் அப்படிக் கூடவில்லை. அதனால் அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை காப்பி ஒன்று போதும், மோல்மீன் அம்மாவின் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எதனால் நன்மை என்று கேட்பீர்கள். தேயிலையிலும் காப்பியிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் இரத்தக்குழாயின் உள்சுவரைத் தளர்வாக வைத்திருக்க உதவுகின்றன, அங்கே சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு கூடுவதால் குழாய் விரிகிறது என்பது இதுவரை தெரிந்த விளக்கம். ஆனால் இதுவரை நான் சொன்ன பெரிய ஆய்வுகள் எல்லாமே குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் பார்த்து எண்ணியவை. ஆளைப் பிரித்து, பாதிப் பேருக்கு டீ கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் இருபது ஆண்டு வைத்துப் பார்த்தது இல்லை. பச்சை டீ குடிப்பவர் கூடவே காய்கறி அதிகம் சாப்பிடுபவராக, நன்றாக நடப்பவராக இருக்கலாம். அதையெல்லாம் கணக்கில் கழித்துத்தான் சொல்கிறார்கள், முழுதாகக் கழிக்க யாராலும் முடியாது. பழக்கமே இல்லாத ஒருவர் பக்கவாதத்துக்குப் பயந்து புதிதாகக் காப்பி ஆரம்பிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் பாட்டி காலத்திலிருந்து வீட்டில் சுக்குக் காப்பிதான். சுக்கு, மிளகு, மல்லி, கருப்பட்டி, கொஞ்சம் அதிமதுரம். இரத்தத்தைச் சுத்தம் செய்யும், வாதத்தை அண்டவிடாது என்பார்கள். உண்மையா? – வாசகி, சிரியம்

சுக்குக் காப்பி நானும் குடிக்கிறேன், மழைக்காலத்தில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அது பக்கவாதத்தைத் தடுக்கும் என்று காட்டும் பெரிய ஆய்வு எதுவும் இல்லை. பால் டீ குடிக்கும் இடத்தில் அதைக் குடித்தால் கண்டென்ஸ்டு மில்க் குறையும், அந்த வகையில் நல்லது. கருப்பட்டியும் சர்க்கரைதான், கைக்கு வந்தபடி போடாதீர்கள்.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அதிமதுரம்தான் என்னை நிறுத்தியது. தொண்டைக்கு இதம் என்று நாம் தாராளமாகப் போடும் அந்த வேர் தொடர்ந்து உள்ளே போனால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். வாதம் வரக்கூடாது என்று குடிப்பதே வாதத்துக்கு வழி திறந்துவிடும். வீட்டில் பிரஷர் உள்ளவர் இருந்தால் நாளையிலிருந்து அதிமதுரத்தை எடுத்துவிட்டுப் போடுங்கள், சுவையில் பெரிதாகக் குறையாது.

வாதம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வாதம் என்றால் காற்று. பர்மியரும் இந்த நோயை லேஃப்யட் என்கிறார்கள், லே என்றால் காற்று, காற்று வெட்டியது என்று பொருள். இரண்டு மொழிக்காரரும் காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு, காற்றைக் கலைக்கச் சூடாக எதையாவது குடிக்கிறோம், தைலம் தேய்க்கிறோம். நடந்தது மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு, இல்லையென்றால் குழாய் வெடித்து இரத்தக் கசிவு. இதில் காற்றுக்கு வேலையே இல்லை. அடுத்த கடிதமும் இதைப் பற்றியதுதான்.

கேள்வி: போன மாதம் பக்கத்து வீட்டு ஐயா காலையில் திடீரென்று நாற்காலியில் சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பெரியவர்கள் எல்லோரும் சூடாகச் சர்க்கரை போட்டு டீ கொடு, தெளிந்துவிடுவார் என்றார்கள். நான்தான் கையில் பிடித்துக் குடிக்கவைத்தேன். நிறைய இருமினார். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பிழைத்துக்கொண்டார். நான் செய்தது சரியா? மனசு உறுத்துகிறது. – வாசகர், இன்சீன்

தம்பி, நீங்கள் செய்தது அன்பால் செய்தது, அதற்காக மனசை வருத்திக்கொள்ளாதீர்கள். ஆனால் செய்தது சரியில்லை, இனி யாருக்கும் அப்படிச் செய்யக்கூடாது. இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நிற்கிறது, ஏனென்றால் என் அப்பா அப்படித்தான் போனார்.

நான் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தினமும் விடியற்காலை தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு டீ, எண்ணெயில் பொரித்த ஒரு ஈச்சாக்குவே சாப்பிட்டுவிட்டு வருவார். அன்றைக்குக் கோப்பையை எடுத்தவர் வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதியிலேயே மேசை மேல் சாய்த்துவிட்டார். கூட இருந்தவர்கள் மயக்கம் என்று நினைத்து இன்னொரு கோப்பை வரவழைத்து, தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து வாயில் ஊற்றினார்கள். எனக்கு ஆள் வந்து சொல்லி நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் சட்டையின் வலது பக்கம் தோளிலிருந்து இடுப்பு லோஞ்சி வரைக்கும் பால் டீ வழிந்து காய்ந்திருந்தது. இடது பக்கம் ஒரு சொட்டுக் கறை கிடையாது. அந்தக் கறையே நோயைச் சொல்லிவிட்டது, வலது பக்க வாய் செயலிழந்து குடித்தது வெளியே வழிந்திருக்கிறது. வெளியே வந்தது அவ்வளவு என்றால், உள்ளே போனது எங்கே போயிருக்கும்? நுரையீரலுக்குப் போயிருக்கிறது. மூன்றாம் நாள் காய்ச்சல், பிறகு நிமோனியா, பதினோராம் நாள் போய்விட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அவருடைய நண்பர்கள், அழுதுகொண்டே கூட வந்தவர்கள். அவர்கள் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசையும் தொண்டையும் சரியாக வேலை செய்யாமல் போகலாம், பார்த்தால் தெரியாது. டீ, தண்ணீர், கஞ்சி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்கக்கூடாது. ஆஸ்பிரின்கூட வேண்டாம், ஏனென்றால் அது அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் வெளியிலிருந்து சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் இன்னும் கெடுத்துவிடும். நினைவில்லாமல் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள், வண்டி பிடியுங்கள்.

அடையாளம் மூன்று. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தானாக இறங்குகிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலே போதும், கிளம்பிவிடுங்கள். தலையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையில் ஏறக்குறைய 19 இலட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பால் வந்தது என்றால் உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது, அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு முன்னால் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. அப்பா காலத்தில் அந்த ஊசி வரவில்லை. எல்லா ஊரிலும் அது கிடைக்காது, அதனால் எந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேனும் ஊசியும் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் கட்டாயம் கவனித்துச் சொல்லுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

பத்து நிமிடத்தில் வாய் நேராகி, கை சரியாகிவிட்டாலும் போக வேண்டும். அது சின்னப் பக்கவாதம், பெரியது பின்னால் வருகிறது என்பதற்கான எச்சரிக்கை, அதுவும் அடுத்த இரண்டு நாளில்தான் ஆபத்து அதிகம்.

கேள்வி: அப்பாவுக்கு இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்கள். பச்சை டீ குடிக்கலாமா? – வாசகி, டைக்கூ

குடிக்கலாம், ஒன்றிரண்டு கோப்பை, தினமும் ஒரே அளவில். திடீரென்று பெரிய கெட்டில் கணக்கில் ஏற்றினால் மருந்தின் வேலை குறையலாம், அதில் இருக்கும் வைட்டமின் கே அதற்குக் காரணம். இஞ்சிக் கஷாயத்தையும் மருந்து மாதிரி நிறைய குடிக்க வேண்டாம். இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அப்பா என்னென்ன குடிக்கிறார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், வீட்டில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் பெண்கள் இருந்தால் அந்த மாத்திரையை டீயோடு விழுங்கவேண்டாம், சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கேள்வி: டீயைக் குடிப்பதற்குப் பதிலாக லபெட்தோ (ஊறவைத்த தேயிலைக் கலவை) சாப்பிட்டால் அதே பலன் கிடைக்குமா? இலையே உள்ளே போகிறதே. – வாசகர், பெகு

நல்ல கேள்வி. இலை போகிறது, கூடவே உப்பும் எண்ணெயும் போகிறது. ஊறவைத்த இலையிலேயே உப்பு, பொரித்த பருப்பில் உப்பு, காய்ந்த இறாலில் உப்பு, மேலே கொஞ்சம் மீன் சாறு. பக்கவாதத்துக்கு உப்பு எவ்வளவு கெடுதி என்று போன இதழில் எழுதியிருந்தேன், நாளுக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டிக்குள். ஆய்வுகள் எல்லாம் குடிக்கும் டீயைப் பற்றியவைதான், அவற்றைத் தின்னும் இலைக்குப் பொருத்திப் பேச முடியாது. விருந்தாளி வந்தால் ஒரு கரண்டி சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுவேன்.

கேள்வி: கொதிக்கக் கொதிக்கக் குடித்தால்தான் டீ குடித்த மாதிரி இருக்கிறது. அதனால் கெடுதல் உண்டா? – வாசகர், மண்டலே

உண்டு, பக்கவாதம் சம்பந்தமாக இல்லை, உணவுக்குழாய்க்கு. 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016ல் அறிவித்தது. டீ என்பதால் அல்ல, சூட்டினால். ஆற்றிக் குடியுங்கள். டீயோடு குன்யாவும் (வெற்றிலை பாக்கு) வாயில் இருக்கிறது என்றால் வாய்க்கும் தொண்டைக்கும் இரட்டை ஆபத்து, அதில் புகையிலை வைத்திருந்தால் பக்கவாதக் கணக்கிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரஷர் பார்க்கப் போனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வருகிறது. டீ குடித்ததாலா? – வாசகி, தாமுவே

இருக்கலாம். காப்பியோ டீயோ குடித்தால் கொஞ்ச நேரம் அழுத்தம் ஏறும், பழக்கமில்லாதவர்களுக்கு இன்னும் கூடுதலாக. பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் டீ, காப்பி, சிகரெட் எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள், கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். இரண்டு முறை எடுத்து எழுதிவையுங்கள்.

கேள்வி: நீங்கள் முன்பு ஒரு தடவை சொன்னபடி பால் டீயை விட்டுவிட்டேன். ஆனால் கடையில் போய் யேநுவேஜான் மட்டும் குடித்துக்கொண்டு நண்பர்களோடு உட்கார்ந்தால் கடைக்காரருக்கு வியாபாரம் இல்லையே என்று கூச்சமாக இருக்கிறது. கடைக்குப் போவதையே நிறுத்திவிடலாமா? – வாசகர், கமாயுட்

நிறுத்தாதீர்கள் ஐயா. வயதான காலத்தில் நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவதும் உடம்புக்கு நல்லதுதான். டீக்குப் பதிலாக வேறு ஏதாவது வாங்குங்கள். காலையில் என்றால் நான்பியா ரொட்டியும் வேகவைத்த பெப்யோ பருப்பும் ஒரு தட்டு சொல்லுங்கள், பருப்பில் எண்ணெயைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள், நெய் தடவிய நான் வேண்டாம். பையனைக் கூப்பிட்டுக் கெட்டிலை இரண்டாவது தடவை நிரப்பச் சொன்னாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அது மேசையோடு சேர்ந்தது.